மூன்றாவது கட்டம்

பாடம் ஆறு. பக்கம் முழுக்கப் பச்சை.
ப்ரோக்கோலி, ஸ்பினாச், அஸ்பாராகஸ், அவகாடோ.
பதினேழு பிள்ளைகளும் சேர்ந்து சொல்கிறார்கள்,
ஒவ்வொரு சொல்லோடும் ஆவி புறப்படுகிறது.
அடுப்பில் வரட்டி தீர்ந்து
ஒரு மணி நேரமாகிறது.

இந்தச் சொற்களில் எதையும்
நானும் தின்றதில்லை.
அவகாடோவை மட்டும் ஒருமுறை பார்த்தேன்,
உலான்பாட்டரில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம்,
என் இரண்டு நாள் சம்பளத்தை
நெற்றியில் ஒட்டிக்கொண்டு.
'அழுத்திப் பார்க்காதீர்கள்' என்று
ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.
அதைப் படிக்க முடிந்ததே என்று
அன்று முழுக்க எனக்குப் பெருமை.

ஸ்கிம்டு மில்க்.
ஆடை எடுத்த பால் என்று விளக்கினேன்.
"யார் எடுத்தது?" என்றாள் தொல்கோர்.
"உடம்புக்கு நல்லதென்று அவர்களே."
வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது,
யார் வீட்டிலோ திருட்டு நடந்ததுபோல.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
பரீட்சைக்கு உதவும்.
வாய்மொழித் தேர்வுக்கு ஜீப்பில் வந்தவர் கேட்டார்,
காலையில் என்ன சாப்பிட்டாய்?
கண் இமைக்காமல் சொன்னாள் தொல்கோர்:
"ஓட்ஸ். ஸ்கிம்டு மில்க். ஒரு கைப்பிடி ப்ளூபெர்ரி."
முழு மதிப்பெண்.
எழுந்து போகையில்
சட்டைக் கையில் ஆட்டுக்கொழுப்பு பளபளத்தது.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
அவர் மீசையிலும் அதே பளபளப்பு.

பயிற்சித்தாளில் இரண்டு கட்டம்.
ஹெல்தி. அன்ஹெல்தி.
கொழுப்பு, உப்பு, சிவப்பு இறைச்சி,
எல்லாம் வலப்பக்கம் போகவேண்டும்.
விடைத்தாள் அப்படித்தான் சொல்கிறது.
அது அச்சான ஊரில்
குளிர்காலத்திலும் குழாயில் தண்ணீர் வருமாம்.

ஜாம்பல் ஸ்கேல் வைத்து
மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்திருந்தான்.
தலைப்பு: −38.
அதற்குள் வால்கொழுப்பு, எலும்பு மஜ்ஜை,
உப்புப் போட்ட பால் தேநீர்,
ஆங்கிலத்தில் பெயரில்லாததால்
'பல் உடைக்கும் தயிர்' என்று ஒன்று.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

திருத்தாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை லாரி வந்தது.
மாவு மூட்டைக்கும் டீசல் டப்பாவுக்கும் நடுவே,
ஓட்டுநர் கான்பட் தன் கோட்டுக்குள் சுற்றி
எனக்காகக் கொண்டுவந்த
ஒரே ஒரு ப்ரோக்கோலி.
அறுநூறு கிலோமீட்டரில் கல்லாகியிருந்தது.
மேசையில் வைத்ததும் 'டொக்' என்றது.
"மரம்!" என்றான் பின்வரிசைப் பையன்,
எங்கள் ஊரில் மரமில்லை என்பதால்
அதுவும் படத்தில் பார்த்ததுதான்.

விடுதிச் சமையல்காரி ஸெவெல்மா
வேறு வழி தெரியாமல்
ஆட்டிறைச்சிக் கொப்பரையில் போட்டாள்.
உருகி, உதிர்ந்து,
ஆளுக்கு நகக்கண் அளவு.
பாடத்தில் வருகிற 'போர்ஷன்' என்பதற்கு
இது எத்தனையில் ஒரு பங்கு என்று
கணக்கு வாத்தியார் மும்முரமாகிவிட்டார்.

தொல்கோர் நீண்ட நேரம் மென்றாள்.
தேர்வில் வராத சொல்லைத் தேடினாள்.
"கிராஸ்," என்றாள் கடைசியில். புல்.

"நாமும் தினம் புல்தான் தின்கிறோம்," என்றான் ஜாம்பல்,
விரலை நக்கிக்கொண்டே.
"மெல்கிற வேலையை மட்டும்
ஆட்டிடம் கொடுத்திருக்கிறோம்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
அறைக்கு வந்து அவன் தாளை எடுத்தேன்.
சிவப்புப் பேனா எழுத மறுத்தது,
மை உறைந்திருந்தது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
இளகுவதற்குள் முடிவு செய்யவேண்டும்.
விடைத்தாளில் இடமில்லாத கட்டத்துக்கு
எத்தனை போடுவது?

தேநீர் கொதிக்கிறது.
உப்பு இன்னும் ஒரு சிட்டிகை. அப் பிஞ்ச் ஆஃப் சால்ட்.
எண்ண முடியாத பெயர்ச்சொல்.